ஆலயம் கழுவிய சனிக்கிழமை

எங்கள் ஆலயத்தைப் பற்றி யாராவது ஒரு குறை சொன்னால் எனக்குப் பொறுக்காது. கட்டி நூற்றறுபது வருஷத்துக்கு மேலாகிறது. இரண்டு முழக் கனத்தில் கல்சுவர், தேக்கு உத்தரம், தரை முழுக்கக் கல் பாவியது. வெள்ளைக்காரன் கட்டினான் என்று எல்லோரும் சொல்வார்கள். கல் சுமந்தவர்கள் எங்கள் ஆட்கள் என்பதை ஒவ்வொரு கூட்டத்திலும் நான்தான் எழுந்து நினைவுபடுத்துவேன். பதினோரு வருஷமாக நான் சபைச் செயலர். நைட்டி மொத்த வியாபாரம் பார்க்கிற ஞானபூரணத்துக்கு வாய் ஜாஸ்தி என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. வாய் இல்லாமல் சங்கரன்கோவிலில் வியாபாரமும் பண்ண முடியாது, சபையும் நடத்த முடியாது.

ஆனால் போன ஜனவரியில் ஒரு சனிக்கிழமை, வாயைத் திறக்க வேண்டிய ஒரே இடத்தில் நான் திறக்கவில்லை. அன்று பட்ட பாட்டை இப்போதாவது சொல்லிவிடுகிறேன்.

என் மகள் சுகிர்தா ஐந்து வருஷத்துக்கு முன்னால் சென்னையில் நல்ல கம்பெனி வேலையை விட்டுவிட்டு ஹாலந்துக்கு வாத்தியம் படிக்கப் போனாள். அதுவும் சாதாரணப் படிப்பு இல்லை. முந்நூறு வருஷத்துக்கு முன்னால் ஐரோப்பாவில் எழுதின இசையை, அந்தக் காலத்து வாத்தியத்தில், அந்தக் காலத்து நரம்பு கட்டி, அந்தக் காலத்து மாதிரியே வாசிக்கிற படிப்பு. பரோக் என்று பெயர். வாசிப்பது வியோலா. பார்க்க வயலினேதான், கொஞ்சம் சதை போட்ட வயலின்.

"பழசப் பழசு மாதிரியே வாசிக்கதுக்கு ஒரு படிப்பாட்டி? எவன் சோறு போடுவான்?" என்று கேட்டேன். கேட்டதோடு விடவில்லை. மூன்று வாரம் பேசவில்லை. அவள் விமானம் ஏறுகிற அன்று, கடையில் சரக்கு இறங்குகிறது என்று சொல்லிவிட்டு வழியனுப்பவும் போகவில்லை. சரக்கு மறுநாள்தான் இறங்கியது. அதன் பிறகு எங்கள் பேச்சு எல்லாம் போனில் "சாப்பிட்டியா", "சாப்பிட்டேன்", "குளிரா", "குளிருது" என்ற அளவில் நின்றுபோனது.

நான் செய்தது தப்பு என்று ஒரு வருஷத்துக்குள் எனக்கே தெரிந்துவிட்டது. தெரிந்து என்ன செய்ய? என் வாயில் எல்லா வார்த்தையும் வரும், அந்த ஒரு வார்த்தை மட்டும் வராது. அவள் அப்பா உயிரோடு இருந்தவரை எங்கள் வீட்டில் மன்னிப்புக் கேட்கிற இலாகாவை அவர்தான் பார்த்துக்கொண்டார். அவர் போனபின் அந்த நாற்காலி காலியாகவே கிடந்தது.

அப்படியிருக்கும்போதுதான் நவம்பரில் போன் வந்தது. அவளுடைய குழு பன்னிரண்டு பேர், தந்தி வாத்தியங்கள் மட்டும். ஜனவரியில் கொச்சி, திருவனந்தபுரம், மதுரை என்று கச்சேரிக்கு வருகிறார்கள். நடுவில் ஒரு நாள் இருக்கிறது. எங்கள் ஊரில் ஒரு கல் ஆலயம் இருக்கிறது, அதில் சத்தம் சுற்றிச் சுற்றி வரும் என்று சுகிர்தா ஒரு வருஷமாகச் சொல்லிச் சொல்லி, குழுத் தலைவி மார்த்தாவைச் சம்மதிக்க வைத்திருந்தாள்.

"யம்மா, நான் கேட்டுக்கிட்டதுனாலதான் அங்க வாராங்க. ஒரே ஒரு சாயங்காலம். அதுல எதாவது கோளாறாச்சுன்னா நான் அவங்க மூஞ்சில முழிக்க முடியாது."

"நான் இருக்கம்லா. ஒண்ணும் ஆகாது" என்றேன்.

அதன்பின் என்னென்ன செய்ய வேண்டும், செய்யக் கூடாது என்று வாட்ஸப்பில் எட்டு வரி அனுப்பினாள். நான் மூன்று வரி படித்தேன். நாற்காலி, மின்விசிறி, நாய் உள்ளே வராமல் பார்த்துக்கொள்வது. அந்த நேரம் பார்த்துக் கடையில் ஆள் வந்துவிட்டது. கட்டைவிரலைத் தூக்கிக் காட்டும் படத்தை அனுப்பிவிட்டு வேலையைப் பார்த்தேன். மிச்ச ஐந்து வரி அப்படியே கிடந்தது.

வெள்ளிக்கிழமை மாலை வேன் வந்து சேர்ந்தது. வாத்தியங்களை எல்லாம் பீடத்துப் படிக்கட்டில் பெட்டியோடு அடுக்கினார்கள். ஒன்றை மட்டும் வெளியே எடுத்து, ஜமுக்காளம் விரித்துப் பக்கவாட்டில் படுக்க வைத்தார்கள். ஆள் உயரம், இருநூற்றைம்பது வயது. வயலோன், வயலின் வகையிலேயே கீழ்ச்சுரத்துக்கு உள்ள பெரிய வாத்தியம் என்று சொன்னார்கள். என் வாயில் நுழையவில்லை, நான் 'பெரியவர்' என்று பெயர் வைத்துவிட்டேன். அதை வாசிக்கிற யான் என்ற பையனும் அதற்குச் சரியான உயரம்தான், உத்தரத்தில் தலை தட்டும்.

"யம்மா, இது எல்லாத்திலயும் கட்டிருக்கது குடல் நரம்பு. இந்த ஊர்க் காத்துக்குப் பழகணும். நாளைக்குப் பத்து மணி வரைக்கும் கதவு சாத்தியே இருக்கட்டும், என்ன?"

"சரிட்டீ, சரி. வந்து சாப்பிடு."

மற்றவர்கள் லாட்ஜுக்குப் போக, அவள் மட்டும் வீட்டுக்கு வந்தாள். ஐந்து வருஷத்துக்குப் பிறகு என் மகள் தன் கட்டிலில் தூங்கினாள். எனக்குச் சந்தோஷத்தில் கை கால் சும்மா இருக்கவில்லை. சந்தோஷம் வந்தால் நான் எதையாவது கழுவுவேன்.

இதை எங்கள் ஊர்க்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. பேராயர் வந்தாலும், கல்யாணம் என்றாலும், அறுப்பின் பண்டிகை என்றாலும், முதலில் ஆலயத்துக்குத் தண்ணீர் விட்டுவிடுவோம். கழுவாத தரையில் விருந்தாளியை உட்கார வைப்பது எங்கள் சபையில் கிடையாது. இப்போது வருவதோ பதினோரு விருந்தாளிகள், அதில் ஒருத்தி என் மகள். சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு, அவள் தூங்கிக்கொண்டிருக்கும்போதே, பெண்கள் சங்கத்தில் மூன்று பேரைக் கூட்டிக்கொண்டு ஆலயத்துக்குப் போனேன்.

சாவி எபினேசர் அண்ணாச்சியிடம் இருக்கும். அவர்தான் எங்கள் கோயில்குட்டி. ஆலயத்தைத் திறப்பது, சாத்துவது, மணியடிப்பது, பெருக்குவது எல்லாம் அவர்தான்.

"செயலரம்மா, பாப்பா திறக்காண்டாம்னு சொல்லிட்டுல்லா போச்சு" என்றார்.

"திறந்து வைக்காண்டாம்னுதான் சொன்னா. நாம திறந்து, கழுவி, சாத்திருவோம். உங்களுக்கு வேலை செய்ய வலிச்சா தள்ளி நில்லுங்க."

அவர் சாவியை எடுத்துத் திறந்துவிட்டார். முப்பது வாளித் தண்ணீர் விட்டோம். ஒவ்வொரு வாளியிலும் ஒரு மூடி புல்தைலம், எலுமிச்சை வாசம் அடிக்கிற அந்த எண்ணெய், ஊற்றினேன். ஃபினாயில் வாசம் எனக்கு ஆகாது, வீட்டிலும் கடையிலும் எப்போதும் புல்தைலம்தான். பெரியவர் மேல் ஒரு சொட்டுப் படவில்லை, அதைச் சத்தியம் பண்ணிச் சொல்வேன். தரை பளபளவென்று ஆனது. மகள் சொன்ன சொல்லைத் தட்டக் கூடாது என்று, எல்லாக் கதவையும் சன்னலையும் இழுத்து இறுக்கிச் சாத்திவிட்டு வீட்டுக்கு வந்து இட்லிக்கு ஊற்றினேன்.

பத்து மணிக்கு எல்லோரும் ஆலயத்துக்கு வந்தார்கள். பிரின்ஸ் ஐயா, எங்கள் குருவானவர், வெள்ளை அங்கியில் வாசலில் நின்று வரவேற்றார். எபினேசர் அண்ணாச்சி கதவைத் திறந்தார். வெந்நீர் போட்டுக் குளித்த அறையைத் திறந்த மாதிரி ஒரு புழுக்கம் முகத்தில் அடித்தது. சுகிர்தா நடையில் நின்று ஒரு மூச்சு இழுத்தாள். என்னை ஒரு பார்வை பார்த்தாள். கண்ணை ஒருதரம் மூடித் திறந்துவிட்டு உள்ளே போனாள். ஜெபம் பண்ணுகிறாள் என்று நினைத்தேன்.

யான் பெரியவரை நிமிர்த்திச் சுருதி பார்க்க ஆரம்பித்தான். முறுக்காணியில் கை வைத்தான், அவ்வளவுதான். படீர் என்று ஒரு சத்தம். உத்தரத்தில் இருந்த புறாக்கள் எல்லாம் எழும்பிவிட்டன. பெரியவரின் தடித்த நரம்பு ஒன்று அறுந்து சுருண்டு கிடந்தது.

மார்த்தா குனிந்து தரையைத் தொட்டுப் பார்த்தாள். கல் இடுக்கில் இன்னும் தண்ணீர் நின்றது. தாழ்ந்த குரலில் என்னவோ கேட்டாள். சுகிர்தா எங்கள் பக்கம் திரும்பி, ஏற்ற இறக்கம் இல்லாமல் சொன்னாள்.

"ஈரத்தக் குடிச்சு நரம்பு இறுகிப் போச்சாம். யாரு தண்ணி விட்டதுன்னு கேக்காங்க."

பதினோரு வருஷமாக எந்தக் கேள்விக்கும் முதல் ஆளாகப் பதில் சொன்ன செயலர் நான். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. ஒரு நிமிஷம்கூட இருக்காது. அதற்குள் பக்கத்தில் இருந்து குரல் வந்தது.

"நான்தாம்மா. பழக்கத்துல ஊத்திட்டேன்" என்றார் எபினேசர் அண்ணாச்சி.

சுகிர்தா மறுபடியும் என்னைப் பார்த்தாள். நான் தூணைப் பார்த்தேன். இதைவிடக் கேவலமாக என் வாழ்நாளில் நான் எந்தத் தூணையும் பார்த்ததில்லை.

விஷயம் எவ்வளவு மோசம் என்பது அப்புறம்தான் புரிந்தது. பெரியவருக்கு மாற்று நரம்பு ஒன்று வைத்திருந்தார்களாம். கொச்சிக் கடற்காற்றில் ஏற்கெனவே ஒன்று அறுந்து, அதைக் கட்டியாகிவிட்டது. செல்லோ என்று பெரியவருக்கு அடுத்த அளவு வாத்தியம் வாசிக்கிற ஆளும் கொச்சியிலேயே காய்ச்சல் வந்து ஊருக்குத் திரும்பிவிட்டார். ஆக, இந்தப் பதினோரு பேரில் கீழ்ச்சுரம் வாசிக்கப் பெரியவரைவிட்டால் வேறு நாதியில்லை. மேலே எத்தனை வயலின் இருந்து என்ன, அடியில் ஒன்று இல்லாமல் அந்த இசை நிற்காதாம். மார்த்தா பெஞ்சில் உட்கார்ந்து நெற்றியைப் பிடித்துக்கொண்டாள். மதுரைக்குக் கிளம்பிவிடலாம், இங்கே வேண்டாம் என்று அவள் சொன்னதைப் பிரின்ஸ் ஐயா மெதுவாக எனக்குச் சொன்னார்.

சுகிர்தா வெளியே வேப்பமரத்தடிக்குப் போய்விட்டாள். அழவில்லை. பின்னலை அவிழ்த்துத் திரும்பப் பின்னினாள், மறுபடியும் அவிழ்த்தாள். பத்தாம் வகுப்புப் பரீட்சை முடிவு வருகிற அன்று அப்படித்தான் செய்தாள். பக்கத்தில் போய் நின்றேன். 'நான்தான் மக்கா' என்று சொல்ல வேண்டும். ஆனால் வாயில் வந்தது வேறு.

"அந்த நரம்பு எதுலட்டீ செய்தது?"

"ஆட்டுக் குடல்ல. முறுக்கிக் காயவச்சிச் செய்வாங்க."

"இரும்புக் கம்பி கட்ட முடியாதா?"

"கட்டுனா இழுவை தாங்காது, பெரியவர் பிளந்துருவாரு." அவளும் பெரியவர் என்றே சொன்னாள். அந்த நிலைமையிலும் எனக்கு அது கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

உள்ளே போய் அறுந்த துண்டை எடுத்துப் பார்த்தேன். மஞ்சளாக, கொடிக்கயிறு கனத்தில், விரலுக்குள் ஒரு கெட்டித்தனம். இதை எங்கேயோ தொட்டிருக்கிறேன். எங்கே? கண்ணை மூடினால் பஞ்சுத் தூசியில் தும்மல் வருகிற மாதிரி இருந்தது. அப்போது பிடிபட்டுவிட்டது. துண்டை முந்தானையில் முடிந்துகொண்டு ஸ்கூட்டியை எடுத்தேன்.

தறிச் சத்தம் கேட்கிற தெருவில் ரசீதாவின் மெத்தைக் கடை. அவள் தைக்கிற தலையணைகளுக்கு உறை என் கடையில் இருந்துதான் போகிறது. பஞ்சு அடிக்க அவளிடம் மிஷின் இருக்கிறது. ஆனால் பிள்ளை மெத்தைக்கு மட்டும் மிஷினில் போட மாட்டாள், பஞ்சு தூளாகிவிடும் என்பாள். அதற்கென்று ஒரு வில் தொங்கவிட்டிருக்கிறாள். ஆள் உயரத்துக்கு மேல் நீளம், அதில் ஒரு நரம்பு. கட்டையால் தட்டினால் டொய்ங், டொய்ங் என்று பஞ்சு எழும்பிப் பறக்கும். மாதாமாதம் உறை கொடுக்கப் போகும்போது அந்தச் சத்தத்தைத்தான் காது கொடுக்காமல் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

"ரசீதா, உன் வில்லுல கட்டிருக்கது என்ன நரம்பு?"

"ஆட்டுக் குடலுதான். ஏன்க்கா, மூச்சு வாங்குது?"

முந்தானையை அவிழ்த்துத் துண்டைக் காட்டினேன். அவள் வாங்கி, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து உருட்டினாள். அவள் வீட்டுக்காரர் முகம்மது ஆரிப்பும் வந்து உருட்டிப் பார்த்தார்.

"ரெண்டும் ஒரே கனந்தான்" என்றார். "போன வருஷம் வடக்கே போனப்ப புதுசா ஒண்ணு வாங்கியாந்தேன். இன்னும் கட்டல."

எண்ணெய்த் தாளில் சுற்றிய சுருளை ரசீதா எடுத்து வந்தாள். கொடுக்கும்போது கேட்டாள்.

"அது எப்டிக்கா அத்துச்சு?"

"நான் ஆலயத்த முப்பது வாளி ஊத்திக் கழுவிட்டேன், பிள்ள. ஈரம் ஆகாதாம் அதுக்கு."

ரசீதா விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. இவ்வளவு லேசாகச் சொல்லக்கூடிய விஷயமா இது என்று எனக்கே ஆச்சரியம்.

"சுகிர்தா நல்லா வஞ்சிருப்பாளே?"

"அவளுக்குத் தெரியாது. எபினேசர் அண்ணாச்சி தான் செஞ்சதா சொல்லிட்டாரு."

ரசீதாவின் சிரிப்பு நின்றது. திட்டவில்லை, உபதேசமும் பண்ணவில்லை. சுருளை என் கையில் வைத்து, "இது பஞ்சு அடிக்கதுக்குள்ளது, பாட்டுப் பாடுமான்னு எனக்குத் தெரியாது. சாயங்காலம் நானும் வந்து கேக்கேன்" என்று மட்டும் சொன்னாள்.

யான் அந்தச் சுருளை வாங்கி முகர்ந்தான். ஒரு சின்னக் கருவியால் கனம் பார்த்தான். நகத்தால் சுண்டிக் காதில் வைத்தான். அப்புறம் என்னைப் பார்த்துப் பல் முழுக்கத் தெரியச் சிரித்து என்னவோ சொன்னான்.

"ஆம்ஸ்டர்டாம்ல நரம்பு செய்யவனுக்கு ஒரு ஆள் போட்டியா வந்துட்டாங்கன்னு சொல்லுதான்" என்றாள் சுகிர்தா. காலையில் இருந்து அப்போதுதான் அவள் முகம் கொஞ்சம் தெளிந்தது.

கட்டினால் மட்டும் போதாது. புது நரம்பு நீண்டுகொண்டே போகும், பத்து நிமிஷத்துக்கு ஒருதரம் முறுக்க வேண்டும். சாயங்காலத்துக்குள் நிலைத்தால் கச்சேரி, இல்லாவிட்டால் வேன் என்று மார்த்தா சொல்லிவிட்டாள். அதோடு தரையும் காய வேண்டும். எல்லாக் கதவையும் திறந்துவிட்டோம். ஜனவரி வெயில் நல்ல வெயில், காற்றும் இருந்தது. நான் கடைக்குப் போய் நைட்டி வெட்டிய கழிவுத் துணி நாலு மூட்டை கொண்டுவந்து கொட்டினேன். பூப்போட்டதும் புள்ளி வைத்ததுமான துண்டுகள். முட்டி போட்டுத் துடைத்தோம், பெண்கள் சங்கம், பிரின்ஸ் ஐயா, வயலின்காரிகள் இரண்டு பேர், எல்லோரும். எனக்குப் பக்கத்தில் எபினேசர் அண்ணாச்சி.

"அண்ணாச்சி" என்றேன் மெதுவாக. "நீங்க எதுக்கு அப்படிச் சொன்னிய?"

"அந்தத் தூண் பக்கம் இன்னும் ஈரமாட்டு இருக்கு பாருங்க" என்றார்.

நான் காலையில் பார்த்த அதே தூண்தான். அதைச் சுற்றி மூன்று தரம் துடைத்தேன்.

ஐந்தரைக்கு ஆலயம் நிறைந்துவிட்டது. எங்கள் சபையார் பாதி என்றால், தறிக்காரர்கள், பஜார்க் கடைக்காரர்கள், கரிவலம்வந்தநல்லூரில் இருந்து பைக்கில் வந்தவர்கள் என்று மீதி. ரசீதாவும் ஆரிப்பும் நாலாவது பெஞ்சில். சத்தம் ஆகாது என்று மின்விசிறி எல்லாம் நிறுத்தியாகிவிட்டது. நூறு பேர் நிகழ்ச்சித் தாளை மடித்து விசிறிக்கொண்டிருந்தார்கள். நான் முதல் பெஞ்சில் உட்கார்ந்து பெரியவரையே பார்த்தேன். யான் கடைசியாக ஒருமுறை முறுக்காணியைத் தொட்டான். மார்த்தா அவனைப் பார்த்தாள். அவன் தலையசைத்தான்.

ஆரம்பித்தார்கள். எனக்கு அந்த இசையைப் பற்றி என்ன தெரியும்? மேலே வயலின்கள் ஒன்றை ஒன்று துரத்திக்கொண்டு ஓடின. நடுவில் சுகிர்தா. இத்தனை வருஷத்தில் அவள் வாசித்து நான் ஒரு நிமிஷம்கூட முழுசாகக் கேட்டதில்லை என்று அப்போது உறைத்தது. அவள் வியோலா முந்திக்கொண்டு பேசவில்லை. மற்றவர்கள் பேசுகிறதைக் கேட்டு, விட்ட இடத்தை நிரப்பிக்கொண்டே போனது. இந்தக் குணம் என்னிடம் இருந்து போயிருக்காது, அவள் அப்பாவிடம் இருந்துதான் போயிருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் அடியில் ரசீதா கடை நரம்பு, கல்தரை வழியாகவே வந்து என் உள்ளங்காலில் ஏறியது.

முதல் உருப்படி முடிந்தது. எங்கள் ஆலயத்துக்குள் கைதட்டுகிற வழக்கம் இல்லை. யாருக்கும் என்ன செய்வது என்று தெரியவில்லை. மார்த்தா வில்லைத் தாழ்த்திக்கொண்டு கவலையாகப் பார்த்தாள். பின்வரிசையில் யாரோ ஒரு தாத்தா தொண்டையைச் செருமி, "ஆமென்" என்றார். அவ்வளவுதான், மொத்த ஆலயமும் "ஆமென்" என்றது. சுகிர்தா உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள். அதன்பின் ஒவ்வொரு உருப்படிக்கும் அதுதான் எங்கள் கைதட்டல்.

ஆனால் எனக்கு நிம்மதி இல்லை. ஒவ்வொரு தடவை யான் அந்தத் தடித்த நரம்பில் வில்லை அழுத்தும்போதும் பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். மூன்றாவது உருப்படியில் அவன் முகம் மாறியது. கையை நீட்டி முறுக்காணியைத் திருகினான். கர்த்தாவே, இன்னும் இருபது நிமிஷம் தாங்க வையும் என்று வேண்டிக்கொண்டேன். தாங்கியது. கடைசி உருப்படி மெதுவானது. எல்லா வாத்தியமும் ஒவ்வொன்றாக ஓய்ந்து, முடிவில் பெரியவர் மட்டும் ஒரே சுரத்தில் நின்றார். அது சுவரைச் சுற்றிவிட்டு, உத்தரத்துக்குப் போய், எங்கே முடிந்தது என்று தெரியாமல் முடிந்தது. அறுபடவில்லை. நான் அப்படியே பெஞ்சில் சாய்ந்துவிட்டேன். நாலாவது பெஞ்சில் இருந்து, "நம்ம நரம்புதான், நம்ம நரம்புதான்" என்று ரசீதா பக்கத்தில் இருந்தவர்களிடம் சொல்வது எனக்குக் கேட்டது.

ஆமென் சொல்லி முடிந்ததும் நன்றியுரை. செயலர் ஞானபூரணம் என்று தாளில் அச்சடித்திருந்தது. எழுதி வைத்திருந்த காகிதத்தோடு மைக் முன்னால் நின்றேன். மொழிபெயர்க்கச் சுகிர்தா பக்கத்தில் வந்து நின்றாள். முதல் பெயர் பேராயர் ஐயா. கடைசிப் பெயர், வழக்கம்போல, ஆலயத்தைச் சுத்தமாக வைத்துக்கொண்ட கோயில்குட்டி எபினேசர். அந்த வரியைப் பார்த்ததும் எனக்குப் படிக்க ஓடவில்லை. காகிதத்தை மடித்தேன்.

"எல்லாருக்கும் நன்றி இருக்கு, அத அப்புறம் சொல்லுதேன். காலையில இந்த வாத்தியத்துல ஒரு நரம்பு அத்துப் போச்சு. இந்தக் கச்சேரியே நின்னுருக்கும். ஆலயத்துல தண்ணி விட்டது எபினேசர் அண்ணாச்சின்னு சொன்னாங்க. அவரு இல்ல. நான். வேண்டாம்னு அவரு சொன்னாரு, நான்தான் அவர வஞ்சி, திறக்க வச்சி, முப்பது வாளி ஊத்துனேன். கேட்டப்போ வாயத் திறக்காம அவர் தலையில போட்டுட்டு நின்னேன். தப்பு என்னோடது. அண்ணாச்சியும் மன்னிக்கணும், வந்தவங்களும் மன்னிக்கணும்."

அந்த வார்த்தை என் வாயில் வந்துவிட்டது என்பதை என்னாலேயே நம்ப முடியவில்லை. அப்போது பின்வரிசையில் அதே தாத்தா தொண்டையைச் செருமினார்.

"ஆமென்."

மொத்த ஆலயமும் "ஆமென்" என்றது.

சிரிப்பு எங்கிருந்து கிளம்பியது என்று தெரியவில்லை. பிரின்ஸ் ஐயா அங்கியால் வாயைப் பொத்திக்கொண்டார். வேடிக்கை என்னவென்றால், சுகிர்தா இன்னும் ஒரு வார்த்தைகூட மொழிபெயர்க்கவில்லை. ஆனால் வாத்தியக்காரர்கள் எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். யான் அவளைப் பார்த்து, என்னையும் கழுவின தரையையும் விரலால் சுட்டிக் காட்டினான். அவள் இரண்டு கையையும் தூக்கித் தோல்வி என்பதுபோலக் காட்டினாள்.

"என்னட்டீ நடக்கு?" என்றேன், மைக்கை மறந்து.

"எனக்குக் காலையிலயே தெரியும். கதவைத் திறந்ததும் புல்தைல வாசம். எபினேசர் மாமா எந்தக் காலத்துல புல்தைலம் ஊத்துனாரு? அது உன் வாசம்லா."

"இவங்களுக்கு?"

"அப்பவே சொல்லிட்டேன், எங்கம்மாதான்னு. அவங்களுக்கு ஒண்ணும் கோபமில்ல. நீ ஒத்துக்கிடுவியான்னு யான் கேட்டான். உலகமே அழிஞ்சாலும் எங்கம்மா ஒத்துக்கிட மாட்டான்னு சொன்னேன். பந்தயம் கட்டினோம்." அவள் குரல் கொஞ்சம் இடறியது. "தோத்துட்டேன்."

கீழே இறங்கி எபினேசர் அண்ணாச்சியிடம் போனேன். அவர் பெஞ்சில் கிடந்த தாள்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சி, மன்னிச்சிட்டியளா?"

"பதினோரு வருஷமா உங்க கணக்குல எவ்வளவோ வசவு வாங்கியாச்சு. இன்னைக்கு ஒண்ணு கூடும்னு நெனச்சேன், குறைஞ்சிருக்கு" என்றார். சிரிக்கிறாரா என்று குனிந்து பார்த்தேன். சிரித்தார்.

பந்தயத்தில் தோற்றவர் பெரியவரைப் பெட்டியோடு வேன் வரைக்கும் சுமக்க வேண்டுமாம். வேன் நிற்பதோ தெருமுனையில். சுகிர்தா தலைப்பக்கம் பிடித்துத் தூக்கிப் பார்த்தாள், முடியவில்லை. யான் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். நான் புடவையைச் செருகிக்கொண்டு கால்பக்கம் பிடித்தேன். பார்த்த மாதிரி இல்லை, நல்ல கனம். வேப்பமரம் தாண்டியதும் மூச்சு வாங்கி நின்றோம். கூட்டம் எங்களைச் சுற்றிப் போய்க்கொண்டிருந்தது.

"மக்கா" என்றேன். "இன்னும் ஒண்ணு இருக்கு."

அவள் பெட்டியில் பிடியை மாற்றிக்கொண்டாள்.

"நீ போன அன்னைக்குக் கடையில சரக்கு ஒண்ணும் இறங்கல. நான் வந்திருக்கணும். வராம இருந்தது தப்பு. நீ நல்லா வாசிக்கட்டீ."

ஒரே நாளில் இரண்டு. அவள் அப்பா கேட்டிருந்தால் டாக்டரைக் கூப்பிட்டிருப்பார். சுகிர்தா முகத்தைப் பெட்டிப் பக்கம் திருப்பிக்கொண்டாள். கண்ணைத் துடைக்கக் கை காலியாக இல்லை, தோளில் தேய்த்துக்கொண்டாள்.

"உன் பக்கம் தாழுது பாரு, தூக்கு" என்றாள்.

தூக்கினேன். நாலு எட்டு நடந்தோம்.

"செவ்வாக்கிழமை காலையில பத்தரைக்கு பிளைட்டு. மதுரையில" என்றாள், திரும்பிப் பார்க்காமலே.

"எட்டு மணிக்கே அங்கன நிப்பேன்."

"கடை?"

"சாவிய எபினேசர் அண்ணாச்சிகிட்ட குடுத்துட்டு வாரேன். கழுவ மட்டும் வேண்டாம்னு சொல்லிருதேன்."

பெட்டி குலுங்கியது. அவள் சிரிக்கிறாள் என்று அந்தக் குலுக்கலிலேயே எனக்குத் தெரிந்தது.